படகின் பழைய நம்பர்

வண்டு,

நாளைக்கு நமக்கு அறுப்பு. கூரை இறவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை இன்று எடுத்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இத்தனை வருஷம் கழித்து வாடை எப்படி இருக்கும் என்று நீ சிரிப்பாய். எனக்கு அடித்தது.

கைக்குழந்தையாக இருந்தபோதே எதையாவது முனகிக்கொண்டே இருப்பாய் என்றுதான் உனக்கு வண்டு என்று பேர் வைத்தேன். படகு வாங்கி வந்த அன்றும் முனகிக்கொண்டேதான் வந்தாய். ஆற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரன் எல்லையில், ஒரு கிழவர் ஓட்டிய பழைய படகு. "இனிமே அடுத்தவன் படவுல துடுப்பு போட மாட்டேன்க்கா. கரும்பு, செங்கல்லு எல்லாம் நம்ம படவுலதான் போவும்" என்றாய்.

இக்கரையில் ஓட்டப் பிரெஞ்சுக்காரன் காகிதம் வேண்டும். மேரி என்கிற அவர்கள் நகராட்சி ஆபீசுக்கு நானும் உன்னோடு வந்தேன். எழுத்தர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, இந்தப் படவு அந்தப் பக்கத்தான் பொண்டாட்டி. அங்க அத்துவுட்டாத்தான் இங்க தாலி கட்ட முடியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அக்கரை அதிகாரியோ, படகைக் கொண்டு வா, முன்பக்கத்து நம்பரைப் பார்த்துத்தான் பதிவேட்டில் பழைய பேரை அடிப்பேன் என்றார். சனிக்கிழமை கொண்டுபோவதாக இருந்தாய்.

வெள்ளிக்கிழமை நான் படகுக்குப் பூசை போட நினைத்தேன். மாடு வாங்கினால் பழைய கயிற்றோடு நம் வீட்டுக்குள் ஓட்டி வருவதில்லை. புதுக் கயிறு மாற்றித்தான் பொட்டு வைப்போம். அந்தக் கறுப்பு நம்பர்தான் படகுக்குப் பழைய கயிறு என்று எனக்குத் தோன்றியது. நீ சந்தைக்குப் போயிருந்தாய். கருக்கரிவாளால் தார் எழுத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு, மஞ்சள் கரைக்க வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் கரையில் உன் சத்தம். "எவன்டா என் படவு நம்பரைச் சுரண்டனவன்?" நீ கூலிக்கு ஓட்டிய பழைய முதலாளிதான் ஆள் வைத்துச் செய்தான் என்று எல்லாரிடமும் சொன்னாய். நான் மஞ்சளைக் கொல்லையில் கொட்டினேன். பற்களில் தார் ஒட்டியிருந்த அரிவாளைக் கழுவக்கூடப் பயந்து இறவாணத்தில் செருகினேன். இவ்வளவு பெரிய சங்கதி என்று எனக்குத் தெரியாது வண்டு.

நம்பர் இல்லாத படகு எங்களுடையது இல்லை என்றான் அக்கரைக்காரன். அங்கே அடிக்காமல் இங்கே எழுத முடியாது என்றான் இக்கரைக்காரன். திருட்டுப் படகாக இருக்கும் என்று சுங்கச்சாவடிக்காரர்கள் சங்கிலி போட்டு மரத்தில் கட்டிப் பூட்டினார்கள். மறுபடியும் மேரிக்குப் போனோம். எழுத்தர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அழிச்ச ஆளு வந்து நாந்தான்னு கையெழுத்து போட்டா படவு உன்னுது. அவனுக்கு ஜெயிலு" என்றார்.

உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஜெயிலு என்றதும் உனக்கு முன்னால் படியிறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து அரிவாளைக் கழுவலாம் என்று எடுத்தேன். பற்கள் வெள்ளையாக இருந்தன. மண்ணெண்ணெய் வாடை. பக்கத்து வீட்டுக்காரி புல் அறுக்க எடுத்திருப்பாள், துடைத்து வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று முதல் நீ பழைய முதலாளியைத் திட்டவில்லை. முனகலும் நின்றுபோனது. வாரா வாரம் இரண்டு ஆபீசுக்கும் நடந்தாய், வந்தாய், சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய்.

ஐப்பசியில் ஆறு பெருகியது. விடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறுனா படவு ஏற முடியாதுக்கா, சங்கிலி குட்டை" என்று ஓடினாய். கஞ்சி குடித்துவிட்டுப் போ என்றேன். மத்தியானம் நாலு பேர் உன்னைத் தூக்கி வந்தார்கள். பூட்டு அப்படியே இருந்ததாம்.

பிறகு நான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். கோணல் மாணலாக வரும், ஆனால் என் பேர்தான். எழுதக் கற்ற கை சும்மா இருப்பதில்லை, அடுப்புக் கரியால் தரையில் எழுதி எழுதி அழிக்கிறேன். அதைக் கேட்கிற ஆபீசு இப்போது எங்கும் இல்லை.

அந்தத் தாரைத் துடைத்தது நீயா வண்டு? தெரிந்துதானா, அக்கா பேரைச் சொல்லிப் படகை வாங்கிக்கொள்ளாமல், அந்தச் சங்கிலியோடு கிடந்தாய்?