உன் எண்ணில் இப்போது வேறொருவர்

இன்று காலை உன் எண்ணை அழைத்தேன். நீ இறந்துபோய் மாதக்கணக்கானது தெரிந்துதான் அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். அந்த எண்ணை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வரும், படித்துச் சொல்ல முடியுமா என்று மலையாளத்தில் கெஞ்சினேன். "ஓடிபியா? ஞான் போலீஸில் பறயும், கேட்டோ" என்று மிரட்டிப் போனை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பார்வையற்றவர்களுக்குப் போன் திரையைத் தமிழில் வாசித்துக்காட்டும் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்று கட்டற்றதாக விட்டிருந்தோம்; அதற்குச் சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் தொடங்கச் சொல்லி நச்சரித்தவன் நான்தான். "நம்ம வீட்டைத் தெறந்து போட்டுட்டு, அடுத்தவன் பூட்டி வச்ச வீட்டுக்குள்ள போயி கூவணுமாலே?" என்றாய். தம்பானூர் காபிக்கடையில் ஒரு மாலை முழுக்கப் பேசி உன்னை இணங்கவைத்தேன். உன் பெயரில், உன் எண்ணில் தொடங்கினாய். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பதிவிலும் நம் தளத்தின் சுட்டி இருக்கவேண்டும், நம் மின்னஞ்சல் மடற்குழுவில் சேரச் சொல்லவேண்டும்.

சுட்டி இருந்தால் அந்த வலைத்தள நிறுவனம் பதிவை அதிகம் பேருக்குக் காட்டவில்லை. நான் சுட்டியை எடுத்தேன். ஆட்கள் குவிந்தார்கள். ஆளில்லை என்று மடற்குழுவையும் மூடினேன். நீ சண்டை போடவில்லை. "நாளைக்கு அவன் கதவடைச்சா இவங்கள எங்க போயி தேடுவ, மக்கா?" என்று மட்டும் கேட்டாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நீ போனபின் ஒருநாள் பக்கம் என்னை வெளியே தள்ளியது. திரும்ப நுழைய உன் எண்ணுக்குக் குறியீடு போகிறது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், இயந்திரம்தான் பதில் போட்டது. போன மாதம் போன்களின் புதிய பதிப்பில் நம் மென்பொருள் ஊமையாகிவிட்டது. திருத்தத்தை இரண்டே நாளில் எழுதிவிட்டேன். அதைச் சொல்லத்தான் வழியில்லை. என் கணக்கிலிருந்து சுட்டியோ எண்ணோ போட்டால் விளம்பரம் என்று மறைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் கேள்விகள் மட்டும் சேர்கின்றன.

அதில் ஒன்றை எழுதியவள், அப்பாவின் போன் பேசவில்லை என்று சொல்லி, போனக்காடு எஸ்டேட் என ஊரையும் போட்டிருந்தாள். நேற்று வித்துரா வழியாக பஸ்ஸில் ஏறிப் போனேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, பெரியவரின் போனில் திருத்தத்தை ஏற்றினேன். போன் பேசியதும் அவர் விசாரித்தது உன்னைத்தான். "அந்த சார் இப்ப ஒண்ணும் எழுதக் காணோமே. சொகமில்லையா?"

சொன்னேன். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "மத்தவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. நீ போனதும் தெரியாது, திருத்தம் வந்ததும் தெரியாது. அதனால்தான் இன்று காலை அழைத்தேன். அந்தத் திருத்தம் ஒரு பென்டிரைவில் என் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. அவர்களை எங்கே போய்த் தேடுவதென்று நீ அன்று கேட்டாயே, எனக்கு இன்னும் தெரியவில்லை.