கழட்டி வைத்த மஞ்சக்கயிறு

மாமாவுக்கு, கோயமுத்தூர்ல இருந்து கோகிலா எழுதறேன். நான் சௌக்கியம். நீங்களும் யமுனாக் கண்ணும் சௌக்கியந்தானுங்களே? அரியூர் மலையில பனி அதிகமா இருக்கும், பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டி விடுங்க.

போன்ல சொன்னா அழுதுருவேன்னு எழுதறேன். பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணுமில்லை.

பட்டறையில கழுத்துல, கையில எதுவும் போடக்கூடாதுன்னு சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னாருங்க. கண்ணாடி, ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டேன். தாலியை மட்டும் கோட்டுக்குள்ள மறைச்சுக்கிட்டேன். பக்கத்து மெஷின்ல வேலை செய்யற சேந்தமங்கலத்து நௌஷீனும் அவ கருகமணியை அப்படித்தான் மறைச்சிருந்தா. திங்கக்கிழமை அவ குனிஞ்சப்ப அது வெளிய தொங்கி, சுத்துற டிரில்லுல மாட்டிக்கிச்சு. நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைச்சேன். கழுத்துல ஏழு தையல். "நூலு அறுந்ததால பொழைச்சேங்க்கா"ன்னு ஆஸ்பத்திரியில சொன்னா.

என் கயிறு அறாதுங்க மாமா. ஆடியில நீங்கதான் கெட்டியாப் பார்த்து வாங்கிட்டு வந்தீங்க.

மறுநாள் காலையில நானே கழட்டி டப்பாவுல வெச்சுட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து கட்டிக்கிறேன். தினமும் இப்படித்தான். கோவிச்சுக்காதீங்க. அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

ஊர்ல இருந்து யாராச்சும் வந்தா கொஞ்சம் ராகி மாவு கொடுத்து விடுங்க. இங்க சோறு எறங்க மாட்டேங்குது.

பெல் அடிக்கறாங்க. மிளகு பறிக்க நீங்க மரம் ஏறாதீங்க, ஆளு விட்டுக்கங்க. ஏறித்தான் ஆகணும்னா ஞாயித்துக்கிழமை ஏறுங்க. அன்னைக்கு எனக்கு லீவு, நாள் பூரா கழுத்துல இருக்கும்.

கோகிலா