சிலுவை போடாத தாள்

அன்புள்ள பராஸ்காவுக்கு, சாவா எழுதுவது. நானே எழுதுகிறேன், யாரும் கை பிடிக்கவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே குண்டு விழுந்த செய்தி கேட்டால், உன் பதில் வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மற்றபடி சுகம். ரொட்டி அடுப்புப் பக்கம் வேலை, குளிர் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, எல்லைக்கு இந்தப் பக்கம் இந்தச் சுச்சாவா ஊர்க் கோயிலில் ஒரு வேடிக்கை. பாதிரியார் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள வாசிக்கும் தாள்களை, மெழுகுவர்த்தி விற்கும் வெட்டா என்ற பெண்தான் எனக்கு எழுதித் தருவாள். சிலுவை போட்ட தாளில் இறந்தவர்கள், போடாத தாளில் உயிரோடு இருப்பவர்கள். போரில் காணாமல் போன நம் பிள்ளை லுகியானின் பெயரை மட்டும் நான் சொன்னதே இல்லை. எந்தத் தாளில் என்று கேட்டுவிடுவாளே.

இந்த முறை நானே எழுதினேன்.

"என்ன தாத்தா, கல்லுலயா செதுக்குறீங்க? வரிசை வாசல் வரைக்கும் நிக்குது," என்றாள்.

"நிக்கட்டும்மா. இந்த எழுத்துக்காக அறுபத்தெட்டு வருஷம் நான் நிக்கலையா?"

சிலுவை போடாத தாளில் உன் பெயர், எழுத்து சொல்லித்தந்த டீச்சர் பெயர், வேலை கொடுத்த முதலாளி பெயர், கடைசியில் லுகியான். பாதிரியார் அவனை இருப்பவர்களோடு சேர்த்துச் சத்தமாக வாசித்தார். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அங்கே நீ அவனை எந்தத் தாளில் எழுதுகிறாய் என்று கேட்கமாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. அவனுடைய தலையணை உறையும் வேண்டும், துவைக்காமல். ஏற்கெனவே துவைத்திருந்தால் அதை எனக்கு எழுதாதே, பேசாமல் அனுப்பிவிடு. மாவு பொங்கிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் சாவா