லூர்து மாமாவின் ஜி.பி.எஸ்.

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெனிதா எழுதுறேன். நான் சுகமா இருக்கேன். உங்க கால் வீக்கம் வத்திடுச்சா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?

பயப்படாம படிங்க. போன வாரம் ஈக்காட்டுத்தாங்கல்ல நான் வேலை பார்க்கிற ஜி.பி.எஸ். கடைக்கு லூர்து மாமா வந்தார். நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, உங்க படகு ஜி.பி.எஸ்.ல இருந்து மீன் கிடைக்கிற இடத்தையெல்லாம் திருடின அதே ஆள். வளர்ந்துட்ட என்னை அவருக்கு அடையாளம் தெரியலை.

"புது ஜி.பி.எஸ். வாங்கியிருக்கேன். மேப் ஏத்தி, பழசுல இருக்கிற பாயின்டையெல்லாம் இதுக்கு மாத்திக் குடும்மா"ன்னார்.

பழசைத் திறந்து பார்த்தா, மீன் அடையுற அந்தக் கடலடிப் பாறைக்கு அம்மா பேர்ல நீங்க வச்ச 'தேசம்மா பார்' அப்படியே இருக்கு. மேப்பை ஒழுங்கா ஏத்தினேன். துறைமுக வாய், ஆபத்தான பாறை எல்லாத்தையும் மாத்தினேன். உங்க இடங்களை மட்டும் ஒரு மெமரி கார்டுல எடுத்துக்கிட்டு, ரெண்டு மிஷின்லயும் அழிச்சேன்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"உங்களோடது எல்லாம் வந்துடுச்சு."

நேத்து வெறும் வலையோட கரைக்குத் திரும்பி, கடைக்குப் போன் பண்ணிக் கத்தினார். "யாருடி நீ?"

"அந்தோணி மகள் ஜெனிதா."

பட்டுன்னு போனை வச்சிட்டார். அது எனக்கு இன்னும் இனிக்குதுப்பா.

முதலாளி முனியன் மட்டும், "இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற? நாளைலேர்ந்து வராத"ன்னுட்டார். கவலைப்படாதீங்க, கிண்டியில வேற கடையில கேட்டிருக்கேன். கார்டு இந்தக் கவர்லயே இருக்கு. அந்த இடங்க இனி உங்களுக்கு மட்டும்தான்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடும், அம்மாவோட பழைய சேலை ஒண்ணும் அனுப்புங்க. சேலையைத் துவைக்காம அனுப்பச் சொல்லுங்க. கூரியர்காரர் அவசரப்படுத்துறார், முடிச்சுக்கறேன்.

உங்க மகள்,
ஜெனி