சாரதியின் ஒரு மணித்தியாலம்

அட்டாளைச்சேனை
12.01.2024

அன்பின் ஷிப்லி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகமா? இங்க மழை விட்டபாடில்ல. வாட்ஸ்அப்பில எழுதினா நாளைக்கு ஊர் குறூப்பு முழுக்க ஓடும். அதுதான் பேனை எடுத்தன்.

பிரதேச சபைத் தவிசாளரா இருந்த உன்ட வாப்பாவச் சுட்டு இருபத்தெட்டு வருசம் ஆகப்போகுது, நினைவுப் புத்தகம் போடுறாய். நல்லது. ஆனா உன்ட சாச்சா, வாப்பாட தம்பி முகைதீன்பாவா அதில ஒரு பக்கத்தப் படம் புடிச்சு ஊருக்கே அனுப்பியிருக்காரு. "பள்ளிவாசலடியில் மாலை மூன்று நாற்பதுக்குச் சூடு. சாரதி வந்தது நான்கு நாற்பதுக்கு. அந்த ஒரு மணித்தியாலம் அவர் எங்கே?"

அடேய், உன்ட வாப்பாட வாகனம் ஓடின அந்தச் சாரதி என்ட வாப்பாடா! பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்ச நாம. அந்தக் கதையாலதான் ஊர விட்டு இங்க வந்த நாங்க. எண்பது வயசில அவர் கேக்கிறது ஒண்டே ஒண்டு, ஊர்ல உம்மாட கபுறுக்குப் பக்கத்தில அடக்கணும் எண்டு. இது அச்சில வந்தா அவர்ட மையத்தத் தூக்க யாருடா வருவான்? அந்த வரிய வெட்டு.

அர்ஷாத்


தெஹிவளை
30.01.2024

மச்சான் அர்ஷாத்,

வஅலைக்கும் ஸலாம். கோவிக்காத. எனக்கும் ஒண்டும் விளங்குதில்ல. சுட்டது இயக்கம் எண்டான் ஒருத்தன். எதிர்க்கட்சி எண்டான் இன்னொருத்தன். சபையில மண் அள்ளுற கொந்தராத்துக் கிடைக்காதவனுகள் எண்டு மூணாமவன். ஒவ்வொருத்தனும் கதைக்கக்குள்ள அதுதான் சரி மாதிரிக் கிடக்கு. கேட்டுட்டு வீட்ட வந்தா எல்லாம் குழம்பிருது.

மரண விசாரணைக் கடதாசியப் பத்துத்தரம் வாசிச்சிட்டன். பள்ளிக்குள்ள நிண்ட மூணு பேரும் சுவர் மணிக்கூட்டில மூணு நாப்பது எண்டுதான் சொல்லியிருக்காங்க. சாச்சாவும் அப்படித்தான். உன்ட வாப்பா மட்டும், பள்ளியில பின்னேரம் அஸர் தொழக்குள்ள வெடி கேட்டு உடனே ஓடி வந்தாராம், கைமணிக்கூட்டில நாலு நாப்பதாம். ஒரு மணித்தியாலமாடா அஸர் தொழுவாங்க?

வாப்பா இல்லாத என்னப் படிப்பிச்சு ஆளாக்கினது சாச்சா. அவர் ஏன் பொய் சொல்லணும்? நீ ஒரு நியாயம் சொல்லு, வெட்டுறன்.

ஷிப்லி


அட்டாளைச்சேனை
19.02.2024

மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ், கிடைச்சிட்டு! அப்ப பள்ளியில பாங்கு சொல்ற மோதினாரா இருந்த சீனிமுகம்மது காக்காவக் கண்டு கதைச்சன். தொண்ணூத்தாறு மே மாசம் அரசாங்கம் மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது நினைவிருக்கா? அரசாங்க வேலை நடக்கிற கந்தோர் எல்லாம் புது நேரம். எங்கட பள்ளியில மட்டும் தொழுகைக்குப் பழைய நேரம். சுவர் மணிக்கூட்டில ஒருத்தரும் கை வைக்கல்லயாம்.

வாப்பா சபை வேலைக்கு வாகனம் ஓடினவர், அவர்ட கைமணிக்கூடு புது நேரம். சுவர்ல மூணு நாப்பது எண்டா அவர்ட கையில நாலு நாப்பது. ரெண்டும் ஒரே நிமிசம்டா! சூடு நடந்தது ஜூன் மாசம், நேரம் மாத்தி ஒரு மாசம் கூட ஆகல்ல. வாப்பா சொன்ன மாதிரியே கடைசி வரிசையில தொழுதுகொண்டுதான் நிண்டிருக்காரு.

இதக் கேட்டு நான் அழுதுட்டன், உன்னட்டச் சொல்ல என்ன வெக்கம். "சாரதி தொழுகையில் இருந்தார்." இந்த ஒரு வரிய எழுது, வேற ஒண்டும் வேணாம்.

உன்ட அர்ஷாத்


தெஹிவளை
25.03.2024

மச்சான்,

பதில் எழுத ஒரு மாசம் எடுத்துட்டு, மன்னிச்சுக்க. உன்ட கடிதத்த வாசிச்சுச் சந்தோசப்பட்டன். பிறகு பயந்துட்டன்.

அண்டைக்கு நான் கொழும்பில ஹொஸ்டல்ல. நாலரைக்குக் கிரிக்கட் பயிற்சி, பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தன். ஹொஸ்டலுக்குப் பொறுப்பான வோடன் கூப்பிட்டாரு. போன்ல சாச்சா. "மகன், வாப்பாவச் சுட்டுட்டானுகள்." வோடன்ட மேசை மணிக்கூட்டில நாலேகால். சூடு மூணு நாப்பதுக்கு எண்டு நினைச்ச வரைக்கும் அதில ஒரு பிழையும் தெரியல்ல. இப்ப உன்ட கணக்குப்படி, கொழும்பு நேரம் நாலு நாப்பதுக்குத்தான் சூடு. அப்ப நடக்க முன்னமே சாச்சா எப்படிடா சொன்னாரு?

ஹொஸ்டல்ல மணிக்கூட்ட மாத்தாம விட்டிருப்பாங்களோ? நான்தான் பிழையா நினைவு வச்சிருக்கனோ? இல்லாட்டி அவருக்கு யாரும் முன்னுக்கே சொல்லி, தடுக்க ஏலாமப் பயந்து கிடந்தாரோ? தலை வெடிக்குது மச்சான். உன்ட வாப்பாவ வெளிய எடுத்தா என்ட சாச்சா உள்ள போறாரு. நேத்தும் கோல் எடுத்து, "சாப்பிட்டியா மகன்?" எண்டு கேட்டாரு. நான் என்ன செய்ய, நீயே சொல்லு.

ஷிப்லி


அட்டாளைச்சேனை
11.07.2024

ஷிப்லிக்கு,

புத்தகம் கிடைச்சுது. நல்ல தாள், நல்ல அச்சு. முன்னுரை உன்ட சாச்சா. "அன்று மாலை சுடப்பட்டார்" எண்டு முடிச்சிருக்காய். நேரமும் இல்ல, சாரதியும் இல்ல.

சாச்சா செஞ்சாரா இல்லையா எண்டு எனக்கும் தெரியா. அவரப் பிடிச்சுக் குடு எண்டு நான் கேக்கல்ல. உன்ட பயமும் எனக்கு விளங்குது. எண்டாலும் உன்னில சரியான கோவம், மறைக்க ஏலா. வாப்பாக்கு நான்தான் முழுசா வாசிச்சுக் காட்டினன். கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையாக் கேட்டுட்டு, "என்னப் பத்தி ஒண்டுமில்லையா மகன்?" எண்டாரு.

போன வெள்ளிக்கிழமை வாப்பா மௌத்தாகிட்டாரு. இங்கயே அடக்கினம். உம்மாட பக்கத்தில இடம் கேட்டு ஊர்ப் பள்ளிக்கு நான் போகவுமில்ல. போனா அந்த ஒரு மணித்தியாலத்தப் பத்தித்தான் முதல்ல கேப்பானுகள்.

உனக்குச் சொல்லியிருந்தா நீ முதல் ஆளா வந்து மையத்தத் தூக்குற சந்தாக்குக்குத் தோள் குடுத்திருப்பாய். அதுக்காகத்தான் சொல்லல்ல.

அர்ஷாத்