கருப்பட்டிக் காப்பி குடித்த மெம்பர்

ஏர்வாடி
22.9.96

அன்பு மகள் அர்ஷியாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நல்ல சுகம், அந்தப் பின்லாந்துக் குளிரில் நீயும் மருமகப்பிள்ளையும் பேரன் ஆமிரும் சுகமாய் இருக்க தினமும் துஆ செய்கிறோம்.

நான் மீன் அலசிக்கொண்டிருக்க, வாப்பா உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வெளிநாட்டுக்காரர்களை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசி, பேப்பரில் பெயர் நாறிக் கிடக்கும் உங்கள் நகரசபை மெம்பர் ஓட்டுக் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். உன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாராம், நீதான் விடவில்லையாம். ஓட்டுக் கேட்டு வந்தவரைத் தொண்டை நனைக்காமல் அனுப்பக்கூடாது என்ற நம் வீட்டு வழக்கப்படி, ஆள் யாரென்று தெரியாமலே உட்கார வைத்து, நான் கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியில் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாய். அவரும் தான் யாரென்று சொல்லாமலே இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மருமகப்பிள்ளை வந்து அதைப் படித்துச் சொன்ன பிறகுதானே உனக்கு விஷயமே தெரிந்தது. இதில் நீ வெட்கப்பட ஒன்றுமில்லை, குடித்த மனுஷன்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களைப் பார்த்தால் இவர்களும் அவர் ஆட்களோ என்று பயமாக இருக்கிறது, வெளிநாட்டுக்காரிக்கும் நகரசபை ஓட்டு இருந்தும் போடப் போவதில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கேயும் பஞ்சாயத்துத் தேர்தல், அதே கூத்துதான். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் தெருப் பெண்கள் சேர்ந்து என்னை நிற்க வைத்துவிட்டார்கள். எதிர்த்து நிற்பது ஜமீலா பீவி, பேச்செல்லாம் அவள் புருஷன் அசன் மைதீனுடையது. உடன்குடிக்காரிக்கு இங்கன என்ன சோலி, வெளியூர்க்காரியா நமக்கு மெம்பர் என்று வீடு வீடாகக் கேட்கிறார். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்தொரு வருஷம், அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. நேற்று நம் வீட்டுக்கே வந்து என்னிடமே ஓட்டுக் கேட்டார், அவருக்கும் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இத்தனை தேர்தலிலும் வாப்பா சொன்ன சின்னத்தில்தான் நான் முத்திரை குத்தியிருக்கிறேன். இந்தத் தடவைதான் நானே தீர்மானித்துக் குத்தப் போகிறேன், அதுவும் எனக்கே. நோட்டீஸில் என் பெயரைப் பார்த்தால் பயம் எனக்கும்தான் வருகிறது மகளே. ஊருக்கு வருவதானால் பெருநாளுக்கு ஆசையாக வா, அந்த மனுஷனுக்குப் பயந்து வராதே. ஓட்டுப் போடும் அன்றைக்குப் பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு, படி இறங்கிப் போய், மருமகப்பிள்ளையிடம்கூடக் கேட்காமல் உன் மனசுக்குப் பட்டவருக்குப் போடு.

அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் தன் காவலில் வைத்திருப்பானாக. பேரனுக்கு ஊசி போடும் தேதியை மறந்துவிடாதே. பதிலில் அங்கே யார் ஜெயித்தார் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நீ போனாய் என்று எழுது.

உன் உம்மா
ஆபிதா பீவி