மு என்றால் முழுசு

மார்ச் 4, செவ்வாய்

செல் வளர்த்து நேற்றுப் புரதம் விட்ட இரண்டு தட்டுகளையும் காலையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. முழுப் புரதம் விட்ட தட்டில் செல்கள் சுருங்கி, நடுவே ஓட்டை ஓட்டையாகக் கிடக்கின்றன. நான் நறுக்கி நொறுக்கின புரதம் விட்ட தட்டு பளிச்சென்று இருக்கிறது. நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

மார்ச் 5, புதன்

மூன்று வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. ரத்தக்குழாயின் சுவரில் எலாஸ்டின் என்று ஒரு புரதம். இதயம் துடிக்கத் துடிக்கக் குழாய் விரிந்து சுருங்குவது அதன் புண்ணியத்தில்தான். வயதாக ஆக அது நொறுங்குகிறது. நொறுங்கின துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. குழாயின் உட்பக்கத்தில் தரைக்கல் பதித்த மாதிரி நெருக்கமாக ஒட்டியிருக்கும் செல்களைப் போய்ச் சீண்டுகின்றன. செல்கள் விலகி, இடைவெளி விழுகிறது. முழுப் புரதம் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. இதைத்தான் கட்டுரையாக எழுதிப் போன மாதம் பத்திரிகைக்கு அனுப்பினோம். என் பட்டமே இதை நம்பித்தான்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்திடம் சொன்னேன். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை செஞ்சு பாரும்மா. அப்பவும் இப்படியே வந்தா கட்டுரையத் திரும்ப வாங்கிடலாம்."

மார்ச் 6, வியாழன்

செய்தாயிற்று. நாளை தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் தலைகீழ்.

இத்தனை நாள் நான் எண்ணின இடைவெளியெல்லாம் நிஜமா? எது எந்தத் தட்டு என்று தெரிந்துகொண்டுதானே எண்ணினேன்? இருக்கணும்னு நெனச்சதைத்தான் பாத்தேனா? ஐயோ — மூணு வருஷமா என் காதுல நானே பூ சுத்திக்கிட்டேனா?

வீட்டில் சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். "உன் செல்லுக்குத்தானே உடம்பு சரியில்ல? நீ ஏன் பட்டினி கிடக்கற?" என்றார் வீட்டுக்காரர். வந்த கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் கடைசிவரை கேட்டார்.

மார்ச் 10, திங்கள்

கட்டுரையைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை எழுதிவிட்டேன். மேடம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எறும்பு குறுக்கே வந்தாள். பக்கத்து மேசைக்காரி. ஓரிடத்தில் நிற்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது இரண்டு வகைப் புரதத்தையும் புது ட்யூப்களில் நிரப்பி வைத்தது அவள்தான். இந்த இரண்டு தடவையும் நான் எடுத்தது அவற்றிலிருந்துதான்.

"அக்கா, முறிஞ்சது தீரப்போகுதா? மு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமிருக்கு."

"மு-ன்னா முழுசுடி."

"இல்லக்கா. மு-ன்னா முறிஞ்சது. ந-ன்னா நல்லது."

"ந-ன்னா நறுக்கினது!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ட்யூப் மூடியில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். மூன்று வருஷமாக நான் எனக்கென்று இப்படி எழுதி வருகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அவள் தன் போக்கில் எழுதியிருக்கிறாள். இரண்டே எழுத்து, இரண்டுமா இப்படிப் பொருந்தித் தொலைய வேண்டும்? திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. ஆனாலும் இவள் சொல்வதை மட்டும் நம்பிவிட முடியுமா?

மார்ச் 11, செவ்வாய்

இரண்டையும், புரதத்தை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். முழுப் புரதம் என்றால் மேலேயே ஒற்றைக் கோடாக நிற்கும். துண்டுகள் என்றால் கீழேவரை இழுபட்டுப் பரவும்.

மு பரவியிருந்தது. ந கோடாக நின்றது.

அப்பாடா! எறும்பைக் கட்டிக்கொண்டேன். "என்னைத் திட்டலையாக்கா?" என்று கேட்டாள். "என்னையும் சேத்துத்தான் திட்டணும்" என்றேன்.

மார்ச் 12, புதன்

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ எதிர்பார்த்தது ஒண்ணு, தட்டுல இருந்தது இன்னொண்ணு. இருந்ததைத்தானேம்மா எண்ணிருக்க? இதவிட வேறென்ன வேணும்?" என்றார்.

எனக்கு அது உறைக்கவே இல்லை, பாருங்கள்! தப்பான பெயரை நம்பிக்கொண்டு எண்ணியும், துண்டுகள் விட்ட தட்டில்தான் இடைவெளி. இரண்டு தடவையும். அப்படியென்றால் செல்கள் நிஜமாகவே விலகுகின்றன. நான் கற்பனை செய்யவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். நெஞ்சே லேசாகிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

இனி எண்ணும் வேலை இப்படித்தான் என்று மேடம் சொல்லிவிட்டார்: எறும்பு தட்டுகளில் எழுதியிருப்பதைக் காகிதம் ஒட்டி மறைத்துத் தருவாள், நான் எண்ணுவேன். இன்று ஒரு தட்டில் நாற்பத்தொரு இடைவெளி, இன்னொன்றில் மூன்று. எழுதிக் கொடுத்தேன்.

"எது எதுன்னு சொல்லவாக்கா?" என்றாள்.

"சாப்பிட்டு வந்து கேக்கறேன்" என்றேன். சாப்பிட்டு வந்தவள் கேட்க மறந்துவிட்டேன்.